அந்தச் சுண்டலைத் தின்றது நான்தான்

தாளித்த பெருங்காயமும் தேங்காய்த் துருவலும் சேர்ந்த வாசனை...

நவராத்திரி சாயங்காலங்களில் எங்கள் மயிலாப்பூர் ஃப்ளாட்டின் மாடிப்படியில் அதுதான் முதலில் இறங்கி வரும். பின்னாலேயே வித்யா வருவாள். "சபீனா, வாடி, அம்மா சுண்டல் பண்ணிட்டா!"

நாங்கள் கீழ் வீடு, அவர்கள் மேல் வீடு. வித்யாவின் அம்மா பத்மா மாமி ஒரு சிறுவர் பத்திரிகைக்குக் கதை எழுதுவார். மாமியின் கதையில் வந்துவிட வேண்டும் என்று எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஆசை. எனக்கு ஆசை இல்லை, வெறி.

ஒரு நவராத்திரியில், நைவேத்தியத்துக்காகக் கொலு முன்னால் வைத்திருந்த சுண்டலில் நான் கை வைத்தேன். ஒரு வாய் என்றுதான் ஆரம்பித்தேன்... கிண்ணம் காலி. வித்யா வாசலில் காவல் நின்றாள், அவள் பங்கு அவ்வளவுதான். மாமி வந்து பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். "இதைக் கதையா எழுதியே ஆகணும்!"

எனக்குத் தலைகால் புரியவில்லை.

மாமி கீழே இறங்கி வந்து அம்மாவிடம் ஒவ்வொன்றாகக் கேட்டார். "தொழுகைன்னு எழுதலாமா, நமாஸ்னு எழுதணுமா? உங்காத்துல அப்பாவை எப்படிக் கூப்பிடுவேள்?"

"தொழுகைன்னே எழுதுங்க மாமி. அப்பாவுக்கு அத்தா" என்று சொல்லி அம்மா டீ கொடுத்தார்.

கதை வந்தது. அதில் நான் சல்மா, வித்யா சுபா. சுண்டலைத் தின்றது... சுபா! சல்மா கை கட்டிக்கொண்டு, சாமிக்குப் படைப்பதற்கு முன்னால் சாப்பிடக் கூடாது என்று அவளுக்குப் புத்தி சொல்கிறாள். அவ்வளவு நல்ல பெண்ணை நான் இன்றுவரை எங்கேயும் பார்த்ததில்லை.

வகுப்பில் வித்யாதான் ஹீரோயின். சல்மாவை ஒருத்தரும் கண்டுகொள்ளவில்லை. அழுதுகொண்டே மாடிக்குப் போனேன். "நான்தானே மாமி தின்னேன்?"

"உன்னைப் போய்த் திருடின்னு எப்படிடி கொழந்தே எழுதுவேன்? நாலு பேர் என்ன நெனைச்சுப்பா? உங்காத்துல என்ன நெனைச்சுப்பா?"

அத்தாவிடம் முறையிட்டேன். "நல்ல பொண்ணுன்னுதானம்மா எழுதியிருக்காங்க? அதுக்கு ஏன் அழுவுற?"

மாமி காட்டியது மரியாதை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் என் கதையை யாரோ பிடுங்கிக்கொண்ட மாதிரி ஏன் வலித்தது?

இப்போது நான் திருவான்மியூரில். நானும் குழந்தைகளுக்கு எழுதுகிறேன். போன வாரம் ஒரு நோன்புக் கதை எழுதினேன். எங்கள் சின்ன வயதில், நோன்பு மாதத்தில், வித்யா வருவாள் என்றே அம்மா கறி போடாமல் கஞ்சி காய்ச்சுவார். ஒரு நாள் பள்ளிவாசலில் பாங்கு சொல்வதற்குள், அத்தாவுக்கு எடுத்து வைத்த கஞ்சியை அவள் குடித்தே விட்டாள். அத்தா பேரீச்சம்பழமும் தண்ணீருமாக நோன்பு திறந்துவிட்டு அவளைப் பார்த்துச் சிரித்தார்.

அதைத்தான் கதையாக்கினேன். அடையாறில் இருக்கும் வித்யாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்.

உடனே போன். "ஏண்டி, இதுல நான் பாங்கு சொல்ற வரைக்கும் கை கட்டிண்டு உக்காந்திருக்கேன்? கஞ்சியை நீ குடிக்கறே?"

"இல்லடி... மாமியாத்துப் பொண்ணு நோன்புக் கஞ்சியத் திருடினான்னு எழுதினா, நாலு பேர் என்ன நெனைப்பாங்க?"

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது, அது யார் வார்த்தை என்று. மாமி இப்போது இல்லை...

மாமி பயந்த நாலு பேர் எங்கள் தெருவில்தான் இருந்தார்கள். கோபம் வந்தால் மாடியேறி வந்து கேட்டுவிட்டு, காபி குடித்துவிட்டுப் போவார்கள். என்னுடைய நாலு பேர் போனுக்குள் இருக்கிறார்கள். யார், எத்தனை பேர் என்றே தெரியாது. மாமியைவிட எனக்குப் பயம் ஜாஸ்தி.

வித்யா சொன்னாள். "அன்னிக்கு அம்மா உன் சுண்டலை எனக்குக் குடுத்துட்டா. இன்னிக்கு நீ என் கஞ்சியை எடுத்துண்டுட்டே. என் கஞ்சியை எனக்குத் திருப்பிக் குடுடி."

இன்று காலை அவளிடமே கொடுத்துவிட்டேன். கதையில் இப்போது அவள்தான் குடிக்கிறாள், மூக்கில் ஒட்டிக்கொள்ளும்படி.

பத்திரிகைக்கு அனுப்பத்தான் இன்னும் கை வர மாட்டேன் என்கிறது.