காய்ச்சலை ஒளித்த வீடு

ஒஸ்லோவின் புருசெத்தில் எங்கள் கட்டடத்து நாலாம் மாடியில் இருக்கும் மஸாஹிராவைத் தமிழாக்கள் எல்லோரும் 'மன்னார் ராத்தா', அதாவது மன்னார் அக்கா, என்றுதான் சொல்வார்கள். முதியோர் இல்லத்தில் வேலை. கணவர் மிஹ்ளார் பஸ் ஓட்டுகிறார். பிள்ளைகள் இரண்டு பேரும் படிப்பு முடிந்து தனித்தனியே போய்விட்டார்கள். மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டியில் பிறந்தவர். வடக்கில் இருந்த முஸ்லிம்களைப் புலிகள் இயக்கம் வெளியேற்றியபோது தாய் தகப்பனோடும் நானா என்று கூப்பிடும் அண்ணன் ஸனூனோடும் படகேறிப் புத்தளம் போய், அங்கே ஓலைக் கொட்டிலில் பல வருசம் இருந்து, கலியாணம் கட்டி நோர்வேக்கு வந்தவர்.

மூன்றாம் மாடி அருள்ராணி அதே தீவின் பேசாலைக்காரி, கத்தோலிக்கர். இரண்டு பேருக்கும் பேச்சு எப்போதும் மீனில் தொடங்கும்.

"உங்கட ஆக்கள் எங்களை அனுப்பாட்டி நான் ஏன் இஞ்ச வந்து பனியில வழுக்கி விழுறன்?" என்பார் மஸாஹிரா.

"விழுறது உங்கட சப்பாத்தால, ராத்தா. அதுக்கும் எங்கட ஆக்களைச் சொல்லாதேங்கோ."

2019 ஈஸ்டரில் இலங்கைத் தேவாலயங்களில் முஸ்லிம் தீவிரவாதிகள் சிலர் குண்டு வெடிக்கவைத்த பிறகு இந்தப் பகிடி கொஞ்ச நாள் நின்றது. அருள்ராணியின் கணவர் வின்சென்ற் லிப்டில் மஸாஹிராவைக் கண்டால் பொத்தான்களையே பார்த்துக்கொண்டு நின்றார். அருள்ராணி மட்டும் ஒரு பின்னேரம் மேலே ஏறி வந்து, சோபாவில் இருந்து, ஒன்றும் கதைக்காமல் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு பழையபடி வந்து போனார்.

இங்கே லிப்டில் முகம் திருப்பியதோடு முடிந்தது. அங்கே அப்படி முடியவில்லை.

ஸனூன் நானா குருநாகல் பக்கத்தில், சிங்களவர்கள் நிறைந்த சின்ன நகரமொன்றில் இருபது வருசமாகப் புடவைக்கடை வைத்திருந்தார். பௌர்ணமிப் போயா நாளுக்குப் பன்சலைக்கு, பௌத்த விகாரைக்கு, போகிற பெண்கள் உடுக்கும் வெள்ளைப் புடவை அந்த ஊரில் பாதி அவருடைய கடையில் வாங்கியதுதான். அந்த வருசம் ஒரு கதை பரவியது: முஸ்லிம் கடைகளில் விற்கும் உள்ளாடையில் மருந்து தடவியிருக்கிறார்கள், அதைப் போட்டால் சிங்களப் பெண்களுக்குப் பிள்ளை பிறக்காது. போயாவுக்கு முதல் நாள் கடை வெறிச்சோடிக் கிடந்தது. பிறகு ஒரு பின்னேரம் முஸ்லிம் கடைகளை உடைக்கக் கூட்டமாக வந்தார்கள். பக்கத்துக் கடைச் சிங்களத் தையல்காரர் சோமசிரி ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டுவந்து நானாவின் ஷட்டருக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தார். "இது என்னுடைய கடை. நான் வாங்கிவிட்டேன்" என்றார். அவர்கள் நம்பவில்லை. ஆனாலும் அவரைத் தள்ளிவிட்டு உடைக்கத் தயங்கி, அடுத்த தெருவுக்குப் போனார்கள். அன்றிரவே மஸாஹிரா சோமசிரியின் நம்பரைக் கேட்டு வாங்கித் தன் போனில் பதிந்துகொண்டார்.

அடுத்த வருசம் கொரோனா வந்தது. தொற்றோடு செத்தவர் எந்த மதமானாலும் எரிக்க வேண்டும் என்று இலங்கை அரசாங்கம் சட்டம் போட்டது. முஸ்லிம்களுக்கு உடலைக் குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றித் தொழுது மண்ணில் வைப்பது கடமை. எரிப்பது நினைத்துப் பார்க்க முடியாத காரியம். நோர்வேயில் அப்படி ஒரு சட்டம் இல்லை. எங்கள் கட்டடத்துப் பாகிஸ்தான்காரர் ஒருவர் அதே நோயில் இறந்தபோது, அவருடைய மகன்கள் பனியைத் தள்ளிவிட்டு வெட்டிய குழியில் அவரை வைத்தார்கள். மிஹ்ளாரும் போய் ஒரு பிடி மண் போட்டுவிட்டு வந்தார்.

ஜனவரியில் நானாவுக்குக் காய்ச்சல் வந்தது.

முதலில் நானாவின் மனைவி, மதினி றம்சியா, அதைச் சொல்லவேயில்லை. வீடியோவில் நானாவைக் கேட்டால் "தொழுறார்" என்பார், "படுத்திட்டார்" என்பார். மூன்றாம் தடவை மஸாஹிரா குரலை உயர்த்தினார்.

"மதினி, மத்தியானத்தில படுக்கிற ஆளா அவர்? போனை அவரிட்டக் குடுங்க."

கட்டிலில் நானாவின் முகம் தெரிந்தது. உதடு நிறம் மாறியிருந்தது. முதியோர் இல்லத்தில் அந்த நிறத்தை மஸாஹிரா அந்தக் குளிர்காலத்தில் போதுமான அளவு பார்த்திருந்தார்.

"தடிமல்தான்" என்றார் நானா. சொல்லி முடிக்க இரண்டு தரம் மூச்சு வாங்கினார்.

"ஆஸ்பத்திரிக்குப் போங்க நானா."

"போனா டெஸ்ட் எடுப்பாங்க."

"எடுக்கட்டும்."

"பக்கத்தூர் அரிசி மில்காரர் போனாரு. மகன்மார் போய்ச் சேர முந்தி எரிச்சு முடிச்சிட்டாங்க. சாம்பலைக் கொண்டுபோகச் சொன்னாங்களாம். மஸாஹிரா, நான் உனக்கிட்ட ஒண்டு கேக்கிறன். என்னை எரிக்கக் குடுக்க மாட்டண்டு சொல்லு."

"நீங்க மவுத்தாகப் போறீங்கண்டு யார் சொன்ன?"

"சொல்லு."

மஸாஹிரா சொன்னார். சொன்ன பிறகு செய்ய வேண்டியதைச் செய்யத் தொடங்கினார். ஒஸ்லோவில் இருந்துகொண்டே அந்த வீட்டை ஒரு வார்டாக நடத்தினார். குப்புறப் படுக்க வைப்பது எப்படி என்று வீடியோவில் தானே தரையில் படுத்துக் காட்டினார். எவ்வளவு தண்ணீர், எத்தனை மணிக்கு எந்த மாத்திரை எல்லாம் சொன்னார். வேலைக்குப் போகிற வழியில் தேபானா சுரங்க ரயிலிலும் காதில் போன்தான். மதினி கெட்டிக்காரி, சொன்னதை அப்படியே செய்தார். நானா இருமும்போது அடுத்த வீட்டுக்குக் கேட்காமல் டிவியின் சத்தத்தைக் கூட்டிவிட்டார். கேட்டவர்களுக்கெல்லாம் நானா புத்தளத்தில் இருக்கிறார் என்றார்.

"உங்கட நானா போட்டிருந்த செருப்பு வாசல்ல கிடந்திச்சு. அதையும் எடுத்து உள்ளுக்கு வச்சிட்டன்" என்று ஒருநாள் சொன்னார். பாராட்டை எதிர்பார்க்கிற குரல் அது. மஸாஹிரா அடுத்த மாத்திரை நேரத்தைச் சொன்னார்.

விரலில் மாட்டி இரத்தத்தில் உள்ள ஒட்சிசனைப் பார்க்கும் கருவி வேண்டும் என்று மஸாஹிரா சொன்னபோதுதான் முதல் தடவை மதினி மறுத்தார். "இஞ்சத்த பார்மஸியில அதை வாங்கினா ஊருக்கே தெரிஞ்சிரும்." கடைசியில் மகன் அர்ஹம் தொழுகைத் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, பஸ் ஏறி வேறொரு ஊருக்குப் போனான். அங்கேயும் கடைக்காரர் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு, கொடுக்காமல், "யாருக்கு?" என்று கேட்டாராம். "அம்மாவுக்கு ஆஸ்துமா" என்றான் அர்ஹம். "எந்த ஊர்?" என்று அடுத்த கேள்வி. அவன் ஒரு பொய் ஊரைச் சொன்னான். வெளியே வந்து திரும்பிப் பார்த்தபோது அந்த மனுசன் வாசலுக்கு வந்து பார்த்துக்கொண்டு நின்றாராம்.

கருவியை நானாவின் விரலில் மாட்டி மதினி போனுக்கு நேரே பிடித்தார். எண்பத்தொன்று.

"மெசின் பிழையாக்கும்" என்றார் மதினி.

"உங்கட விரலில மாட்டுங்க."

தொண்ணூற்றெட்டு.

மதினி கருவியைத் தன் விரலில் இருந்து கழற்றினார்.

"வீட்டில மவுத்தானா அடக்கலாம்தானே" என்றார் மதினி மெதுவாக. "பள்ளிவாசல் ஆக்கள் விடியச் சுபஹுக்கு முந்தி முடிச்சுத் தருவாங்க."

"டொக்டர் கையெழுத்து இல்லாம எப்படி அடக்குற? டொக்டர் வந்தா மையித்துக்கும் டெஸ்ட் எடுப்பார் மதினி. வீட்டில வச்சிருந்தாலும் அதேதான். வைத்தியம் மட்டும்தான் இல்லாமப் போகும்."

"நீங்க நானாவுக்கு வாக்குக் குடுத்தீங்க."

"ஓம், குடுத்தன்."

அன்றைக்கு அருள்ராணி மீன் பொரியலோடு வந்தபோது மஸாஹிரா சாப்பாட்டு மேசையில் போனை முன்னால் வைத்துக்கொண்டு இருந்தார். விசயத்தைச் சொன்னார். அருள்ராணி பாத்திரத்தை வைத்துவிட்டு எதிரே இருந்தார்.

"உயிரோட இருக்கிற மனுசனை எல்லோ முதலில பாக்க வேணும், ராத்தா."

"உங்களுக்குச் சொல்லுறது லேசு."

"ஓம். எனக்கு லேசுதான்" என்றார் அருள்ராணி. கோபிக்கவில்லை. எழும்பிப் போகவுமில்லை.

மஸாஹிரா சோமசிரிக்கு எடுத்தார். புத்தளத்தில் பழகிய சிங்களம் இன்னும் வாயில் இருந்தது. சோமசிரி அவரை எப்போதும் நங்கி, தங்கச்சி, என்றுதான் கூப்பிடுவார். எல்லாவற்றையும் கடைசிவரை கேட்டார்.

"ஸனூன் புத்தளத்தில் இல்லை என்று எனக்குத் தெரியும், நங்கி. டிவி சத்தம் என் வீடு வரைக்கும் வருகிறது. இன்னும் ஆட்களுக்கும் கேட்கிறது."

"ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்கள், அண்ணை."

"சொன்னால் சோமசிரி காட்டிக்கொடுத்துவிட்டான் என்று உங்கள் ஆட்கள் சொல்வார்கள். நோயை ஒளிக்க உதவினான் என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள். எனக்கும் இந்த ஊரில்தான் கடை."

"தெரியும்."

"ஸனூன் கேட்டானா?"

"இல்லை. நான் கேட்கிறேன்."

சோமசிரி ஆம்புலன்ஸுக்குச் சொன்னார். ஆம்புலன்ஸ் வந்ததை மஸாஹிரா மதினி சொல்லி அறியவில்லை. மதினி போனை எடுக்கவில்லை. அடுத்த நாள் முதியோர் இல்லத்தின் உடை மாற்றும் அறையில், யாரோ அனுப்பி, யார்யாரோ கைமாற்றி வந்த வீடியோவில் பார்த்தார். வீதி முழுக்க ஆட்கள், கையுயர்த்திப் பிடித்த போன்கள். வெள்ளை உடுப்புக்காரர்கள் ஒரு ஸ்ட்ரெச்சரைத் தூக்கி வந்தார்கள். துணிக்கு வெளியே நானாவின் ஒரு கால் தெரிந்தது. கீழே சிங்களத்தில் எழுதியிருந்தது: ஊருக்குப் பரப்பத்தான் ஒளித்து வைத்திருந்தார்கள்.

வீட்டுக் கேற்றில் தனிமைப்படுத்தல் அறிவித்தல் ஒட்டினார்கள். கடை ஷட்டரில் வேறு யாரோ வேறு ஏதோ எழுதினார்கள். அர்ஹம் அதன் படத்தை அனுப்பவில்லை, எழுதியிருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னான். ஆஸ்பத்திரியில் நானாவுக்கு ஒட்சிசன் கொடுத்தார்கள். அங்கிருந்த டொக்டர் ஒருவர் போனில் நல்ல மாதிரிக் கதைத்தார். மூன்று நாள் முந்தி வந்திருந்தால் நன்றாயிருக்கும் என்றார்.

ஒரு காலை மஸாஹிரா வேலைக்கு லீவு சொல்லிவிட்டு அருள்ராணியோடு இருந்தபோது அர்ஹம் எடுத்தான்.

"மாமி, வாப்பாவுக்கு மையித்துப் பெட்டி அனுப்பட்டாம்."

மஸாஹிரா எழும்பி நின்றார். பிறகு திரும்பவும் இருந்தார்.

"எப்பவாம்?"

"நாலு மணிக்கு எரிக்கிறாங்களாம். நாங்க வீட்டை விட்டு வெளிக்கிட ஏலாதுதானே. பெட்டிக்கு மட்டும் ஆள் பிடிச்சு அனுப்பட்டாம். அனுப்பாட்டியும் செய்வாங்களாம்."

"அனுப்பாதே, மகன்."

"சும்மா துணியில வச்சு..."

"அவங்க செய்யிறதை அவங்க செய்யட்டும். அதுக்கு நாங்க பெட்டி குடுத்ததா இருக்கக் கூடாது. நானாவுக்கிட்ட நான் சொன்னதில எனக்கு மிச்சம் இருக்கிறது அது மட்டும்தான்."

அந்தப் பக்கம் போன் கைமாறியது. ஆம்புலன்ஸ் வந்த நாளுக்குப் பிறகு முதல் தடவையாக மதினியின் மூச்சுக் கேட்டது.

"நீங்க சோமசிரிக்கு எடுக்காம இருந்திருந்தா என்ட மடியில மவுத்தாகியிருப்பார்."

"ஓம், மதினி."

"நான் தண்ணியாவது ஊத்தியிருப்பன்."

"ஓம்."

மதினி வைத்துவிடுவார் என்று மஸாஹிரா காத்திருந்தார். அவர் வைக்கவில்லை. இலங்கையில் நாலு மணி என்றால் ஒஸ்லோவில் முற்பகல் பதினொன்றரை. அருள்ராணி தன் வேலைத்தலத்துக்கு வரவில்லை என்று செய்தி அனுப்பிவிட்டு, அடுப்பை அணைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். மேசையில் கிடந்த போனில் அந்த வீட்டு மின்விசிறி சுற்றுவது கேட்டது. அர்ஹம் உள்ளே எங்கேயோ ஓதத் தொடங்கினான்.

நாலு மணியானது. யாரும் அதைச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் கழித்து, போனில் ஒரு மோட்டார் சைக்கிள் சத்தம் தூரத்தில் இருந்து வந்தது. வீட்டுக்கு முன்னால் வேகம் குறைந்தது. நின்றது. என்ஜின் அணையவில்லை. உள்ளே ஓதுவது நின்றது.

"யார் மதினி அது?"

"தெரியா" என்றார் றம்சியா. குரல் மிகவும் தணிந்திருந்தது. "போனை வச்சிராதீங்க."