சிமென்ட் உருண்டைக்குள் ஒரு முகம்

கல்யாணமாகி ஐந்தாறு மாதம் இருக்கும். ஆர்.எஸ்.புரத்துப் பூங்காவில், அந்தப் பகுதிக்காரர்களே செய்த சிற்பங்களை வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கணவரின் ஸ்கூட்டரில் போனேன்.

பழைய பம்பு பாகங்களைப் பற்றவைத்துச் செய்த கொக்கு, சைக்கிள் செயினில் ஒரு மயில், வேப்பங்கட்டையில் படுத்திருக்கும் ஆடு. எல்லாவற்றின் பக்கத்திலும் தொடக் கூடாதென்று அட்டை. வேலியோரம் இருந்த சிமென்ட் உருண்டைக்கு மட்டும் அட்டை இல்லை. இடுப்புயரம். பக்கவாட்டில் கை நுழையுமளவு ஒரு துளை. குனிந்து பார்த்தேன், ஒரே இருட்டு. கணவர் வேண்டாமென்று சொல்வதற்குள் கையை விட்டுவிட்டேன்.

முதலில் வழவழப்பாக இருந்தது. அப்புறம் ஒரு மேடு, அதன் அடியில் இரண்டு சின்னக் குழிகள். மூக்கு என்று விரலுக்குப் புரிந்ததும் கையை வெடுக்கென்று இழுத்தேன். வளையல்கள் உள்ளே மாட்டிக்கொண்டன.

ஆட்கள் கூடிவிட்டார்கள். கணவர் கூச்சத்தில் வேறு பக்கம் பார்த்தார். உருண்டையைச் செய்தவர் வந்தார். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவராம்.

"இழுக்காதீங்க அம்மணி. உள்ள என்னங்க தட்டுப்பட்டுச்சு?"

"மூக்குங்க. அப்பறம் உதடு, கண்ணு."

அவர் முகம் மலர்ந்தது. காலையிலிருந்து எல்லாரும் சும்மா சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார்களாம். இரண்டு பாதியாகச் செய்து, உள்ளே முகத்தைச் செதுக்கி, பிறகு ஒட்டியதாகச் சொன்னார். யார் முகம் என்று கேட்டேன். அவர் எதிர்வீட்டில் தேங்காய் எண்ணெய் வாங்கி வந்து என் கையில் ஒழுகவிட்டார். கட்டைவிரலை மடக்கி மெல்ல உருவினேன். இரண்டு வளையல் உடைந்ததோடு சரி.

அதன்பிறகு அங்கே வரிசையே நின்றது. ஒரு பெண், அது குழந்தையின் முகம் என்றாள், அடுத்தவர் கிழவர் என்றார். கடைசியில் என் கணவரும் கையை விட்டார். வெகுநேரம் கையை வெளியே எடுக்கவில்லை.

திரும்பும் வழியில், அது தூங்குகிற முகம் என்றார். கண் திறந்திருந்தது, நான் தடவிப் பார்த்தேன் என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. பேச்சு நீண்டுகொண்டே போனது.

"ஏனுங்க, திரும்பப் போய்ப் பாத்துப்போட்டு வந்தரலாமுங்களா?"

உடனே வண்டியைத் திருப்பினார்.

பூங்காவில் கூட்டம் கலைந்திருந்தது. அந்தப் பெரியவர் மட்டும் உருண்டையருகே மண்டியிட்டு, கையை முழங்கைவரை உள்ளே விட்டு, பழகிய ஒருவரின் முகத்தைத் தடவுவதுபோல் மெல்ல அசைத்துக்கொண்டு, கண்ணை மூடியிருந்தார். கணவர் என் தோளைத் தொட்டார். கேட்டுக்கு வெளியிலேயே நின்று பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தோம்.