சந்தனம் அப்பிய குமிழ்

முன்சக்கரத்தின் நடுவில் இருக்கும் அந்தக் குமிழைப் பொட்டு வைப்பதற்காகவே செய்திருக்கிறார்கள் என்று நான் மனதார நம்பினேன். உள்ளங்கை அகலத்தில் வட்டமாக இருக்கும், வேறெதற்கு? ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை சந்தனத்தைக் குழைத்து அப்பி, குங்குமம் வைப்பேன். பழையதைத் துடைத்தால் தெய்வக் குற்றம். அதனால் அடைமேல் அடையாகக் காய்ந்து, குமிழ் இருந்த இடமே மறைந்துபோனது.

தொண்ணூறுகளில் உத்திரமேரூர் பக்கம் ஒரு நெல் மண்டிக்காரரின் பழைய ஜீப்புக்கு நான் டிரைவர். நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி என்று டீக்கடையில் பீற்றிக்கொள்வேன். கியர் பக்கத்துக் குட்டைத் தடியைத் தள்ளினால் யானை பலம் வரும் என்பேன். தள்ளிப் பார்த்ததில்லை.

தள்ளும் வேளை ஓர் ஐப்பசி மழையில் வந்தது. ஏரிக்கு அப்பால் குடிசையில் ஒரு பெண்ணுக்குத் தலைச்சன் பிரசவம். குழந்தை குறுக்கே கிடக்கிறது, இங்கே ஆகாது, ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும் என்று ஊர் நர்ஸம்மா வண்டி கேட்டார். இருவரையும் ஏற்றிக்கொண்டு திரும்பும்போது, ஏரிக்கரைச் சேற்றில் பின்சக்கரங்கள் புதைந்தன. தடியைத் தள்ளினேன். யானை வரவில்லை. ரேடியேட்டரைத் திறந்து பார்த்தேன், பேட்டரியைத் தட்டினேன், ஹாரன்கூட அடித்தேன். ஹாரன் மட்டும் அருமையாக வேலை செய்தது.

"கியர்பாக்ஸ் பூட்ச்சிமா," என்றேன்.

வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த அந்தப் பெண், "யண்ணா, நான் வேணா எறங்கித் தள்ளட்டா?" என்றாள்.

நர்ஸம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினார். "நீ வண்டிய எடு. எங்க நோவுதுன்னு பாக்காம மருந்து குடுத்துக்கினு கீற." எடுத்தேன். குனிந்து பார்த்தார். "பின்னாடிதான் சுத்துது. முன்னாடி சும்மா கீது." முன்சக்கரத்து நடுவிலிருந்த சந்தன அடையைத் தட்டினார். "இது இன்னாத்துக்கு?"

"பொட்டு வெக்கறதுக்குமா."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். இன்றைக்கும் கண்ணாடியில் என்னைப் பார்க்கையில் அந்தப் பார்வை ஞாபகம் வரும். பிரசவத்துக்கென்று ஃபிளாஸ்கில் வைத்திருந்த வெந்நீரை ஊற்றினார். சந்தனம் ஊறிக் கரைய, அடியில் ஓர் அம்புக்குறி தெரிந்தது. "திருப்பற மாரி கீதே," என்று துணியால் பிடித்து, மூச்சைப் பிடித்துத் திருகினார். கடக்கென்றது. அந்தப் பக்கத்து முன்சக்கரக் குமிழையும் அப்படியே திருகினார். அடுத்த முறை எடுத்தபோது நாலு சக்கரமும் மண்ணைக் கவ்வி, ஜீப் கரையேறியது.

அறுவை செய்து குழந்தையை எடுத்தார்கள். பெண் குழந்தை, தாயும் பிழைத்தாள். அதன் பிறகு நர்ஸம்மா என்னை எங்கே பார்த்தாலும், பஸ்ஸில் போனாலும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "இன்னா டிரைவரே, திருகினியா?" என்பார். மாசத்துக்கொரு முறை திருகி, பிசுக்குத் துடைத்து வைப்பேன். அவர் ஓய்வு பெற்றுப் போன பிறகும், காலமான பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை.

இப்போது ஆயுத பூஜைக்குப் பொட்டு பானட்டில்தான். குமிழுக்கு ஒரு சொட்டு எண்ணெய். அன்று ஜீப்பில் எந்தப் பழுதும் இல்லை. குமிழைத் திருகினால்தான் முன்சக்கரம் இழுக்கும், நான் திருகியிருக்கவில்லை.