பின்கதவுக்கு மட்டும் ஒரு பொட்டு

மாமனாரின் காரை இரவல் வாங்கி வந்து எங்கள் வீட்டு கேட்டிலேயே இடித்தேன். பின்கதவில் உள்ளங்கை அளவு ஒடுக்கு.

திருச்செங்கோட்டில் எந்த டிங்கரிடம் விட்டாலும் செய்தி மாமனாருக்குப் போய்விடும்.

நாமே ஒடுக்கெடுப்பது எப்படி என்று யூடியூபில் தேடினேன். பத்தே நிமிட வேலை என்றான் வீடியோக்காரன். ஞாயிறு முழுக்க ஒடுக்கில் பட்டி வைத்துத் தேய்த்து, வெள்ளை பெயின்டும் அடித்தேன். காய்ந்ததும் பார்த்தால் சுவரில் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருக்கிறது.

"டிங்கர்கிட்டயே உட்டிருக்கலாமுங்க" என்றாள் மனைவி.

எரிச்சலில் அதன்மேல் பெரிதாகச் சந்தனம், குங்குமம் வைத்துவிட்டேன். கேட்டால் கோயிலுக்குப் போனோம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

இன்று காலை காரைத் திருப்பிக் கொடுத்தேன். மாமனார் ஒரு சுற்று வந்து பின்கதவருகே நின்றார்.

"ஏனுங் மாப்ள, ஆயுதபூசைக்கே நாம வண்டிக்கு முன்னாடிதானுங்க பொட்டு வெப்போம்?"

ஈரத்துண்டால் துடைத்தார். பிறகு என்னையும் ஏற்றிக்கொண்டு டிங்கர் கடைக்கு வந்துவிட்டார்.

டிங்கர் தடவிப் பார்த்தார். "ஒடுக்கெடுக்க ஒரு மணி நேரம் போதுமுங்க. இந்தப் பட்டியச் சொரண்டத்தான் நாளை வரைக்கும் ஆயிரும். எந்தக் கடைக்காரனுங்க இப்படிக் கெடுத்து உட்டவன்?"

மாமனார் என் முகத்தையே பார்க்கிறார். ஏதாவது ஒரு கடைப் பெயர் சொல்லுங்கள், சீக்கிரம்.