ஓரிரு இடங்களில்

அந்த மண்டல வானிலை அலுவலகத்தின் கூரை ஒழுகும். மாடியில், மேகப்படங்கள் ஓடுகிற திரைகளுக்கு நடுவே, ஒரு பிளாஸ்டிக் வாளி நிரந்தரமாக உட்கார்ந்திருக்கும். அதில் பழைய மழைத்தண்ணீர் நாறும், கொசுப்புழு நெளியும். நாளைய மழையைப் பற்றி ஊருக்குச் சொல்கிறவர்களுக்குப் போன வாரத்து மழையைக் கொட்ட ஆள் இல்லை. வாளிக்குப் பக்கத்து மேஜை அக்காவுடையது. காவலாளி முதல் தட்டச்சர் வரை எல்லோருக்கும் அவள் அக்கா, சொந்தத் தம்பிக்கும் அக்கா. ஆகையால் நாமும் அப்படியே கூப்பிட்டுவிட்டுப் போவோம்.

அவள் வேலை வானிலை அறிக்கை எழுதுவது. காலையில் பலூன் கொண்டுவந்த காற்றுக்கணக்கைப் பார்க்க வேண்டும், ராடாரைப் பார்க்க வேண்டும், பிறகு வானொலிக்கும் பத்திரிகைக்கும் நாலு வரி எழுதி அனுப்ப வேண்டும். வசந்த காலம் வந்துவிட்டால் இது லேசான வேலை இல்லை. காலையில் பளிச்சென்று வெயில் அடிக்கும், மத்தியானம் புழுங்கும், சாயங்காலம் திடீரென்று ஒரு பேட்டையில் மட்டும் இடி இடித்துக் கொட்டித் தீர்க்கும். அடுத்த தெருவில் துணி காய்ந்துகொண்டிருக்கும். கஷ்டம்தான், யார் இல்லை என்றார்கள். கஷ்டமான வேலை என்றால் மெனக்கெட வேண்டும். அந்த அலுவலகத்தில் மெனக்கெடுவதற்குப் பதிலாக மழுப்பக் கற்றுக்கொண்டிருந்தார்கள்.

அதைக் கற்றுக்கொடுத்த மகானை எல்லோரும் முதுகுக்குப் பின்னால் 'வாய்ப்பு சார்' என்பார்கள். அவர் அலுவலகத் தலைவர். அவருக்கு முன்பு இருந்தவர் ஒரு வசந்தத்தில் 'வறண்ட வானிலை' என்று எழுதப்போய், அன்றைக்கென்று ஒரு பெரிய திறந்தவெளி விழாவில் ஆலங்கட்டி மழை கொட்டி, அடுத்த வாரமே எங்கேயோ மூலைக்கு மாற்றப்பட்டார். வாய்ப்பு சார் நாற்காலியில் உட்கார்ந்த அன்றே ஒரு முடிவு எடுத்துவிட்டார். வசந்தம் தொடங்குகிற நாளிலிருந்து முடிகிற நாள்வரை அறிக்கையில் ஒரே வரிதான்: 'ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் கூடிய மழைக்கு வாய்ப்புள்ளது.'

"தினமும் இதையே போட்டா யார் சார் நம்புவாங்க?" என்று அக்கா முதல் வருஷமே கேட்டாள்.

"நம்புறது அவங்க வேலை. வந்துச்சுன்னா, சொன்னோம்ல. வரலைன்னா, வாய்ப்புன்னுதானே சொன்னோம். இதுல யாரு நம்மள என்ன கேக்க முடியும்?" என்றார் அவர், பல்லிடுக்கில் குச்சியை விட்டுக் குடைந்துகொண்டே.

அந்தக் குச்சியைப் பார்த்தாலே அவளுக்குக் குமட்டும். குச்சியைவிட அந்த வரி அதிகமாகக் குமட்டியது. படித்த படிப்பையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு, நேற்றைய அறிக்கையில் தேதியை மட்டும் மாற்றி ஈயடிச்சான் காப்பி அடித்தாள். வழவழா கொழகொழா என்று ஒரு வரி, அதற்குக் கீழே அவள் கையெழுத்து. மாசாமாசம் சம்பளம் வந்தது. தூ என்றிருந்தது, ஆனாலும் வாங்கிக்கொண்டாள்.

போதாக்குறைக்கு இன்னொரு உத்தரவும் இருந்தது. அறிக்கையில் உள்ளதைத் தவிர வேறு எதையும் ஊழியர்கள் வெளியே வாய் திறந்து சொல்லக் கூடாது, சொந்தக்காரர்களிடமும் கூடாது. யாரோ ஒரு குமாஸ்தா தன் மச்சானிடம் 'இன்னைக்கு கான்கிரீட் போடாதே' என்று சொல்லி, மழையும் வராமல், மச்சான் அலுவலக வாசலில் வந்து நின்று கத்தியதன் பலன் அது.

அக்காவின் தம்பி கூரைத்தகடு போடுகிறவன். கிடங்கு, தொழிற்சாலை என்று உயரமான இடங்களில் இரும்புச் சட்டத்தின் மேல் ஏறி நின்று, ஆள் நீளத்துக்கும் அதிகமான தகடுகளைத் தூக்கி வைத்து முடுக்குவான். மழையில் தகடு வழுக்கும் என்பதால் தினமும் காலையில் அக்காவுக்கு ஒரு போன் போடுவான்.

"என்னக்கா, இன்னைக்கு வானம் என்ன சொல்லுது?"

அவள் செய்தி வாசிப்பவள் குரலில் இழுப்பாள்: "ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் கூடிய மழைக்கு வாய்ப்புள்ளது."

"அந்த ஓரிரு இடம் எங்க இருக்குன்னு ஒரு நாள் கூட்டிட்டுப் போய்க் காட்டு. வேலைக்குப் போறேன், வச்சிரு." இரண்டு பேரும் சிரிப்பார்கள். அவன் தூறல் விழுந்தால் இறங்குவான், நின்றால் ஏறுவான். அறிக்கையைப் பார்த்து எவன் இறங்கினான்?

அன்றைக்கும் காலையில் அதே போன், அதே சிரிப்பு. ஊருக்கு வெளியே ஒரு புதுக் கிடங்கில் வேலை என்று சொல்லியிருந்தான்.

மத்தியானச் சாப்பாடு முடிந்து திரும்பியபோது ராடார் திரையில் மேற்கே ஒரு திட்டு கிளம்பியிருந்தது. முதலில் மஞ்சள். அவள் டிபன் பாக்ஸைக் கழுவி வைத்துவிட்டு வந்து பார்த்தால் நடுவெல்லாம் சிவப்பு, முன்பக்கம் வில்லாக வளைந்திருந்தது. வளைந்தால் காற்று முன்னால் வரும், மழைக்கு முன்னாலேயே வரும், ஒரு சொட்டு விழுவதற்குள் எதையும் தூக்கி அடிக்கும். அது நேராகக் கிடங்குப் பக்கம்தான் வந்துகொண்டிருந்தது.

அவள் தலைவர் அறைக்கு ஓடினாள். "சார், சிறப்பு எச்சரிக்கை ஒண்ணு விட்ரலாம் சார். பெருசா வருது. காத்தோட வருது."

"காலையில போட்டுட்டோமேம்மா. இடி, மின்னல், மழை, எல்லாம் அதுலயே இருக்கு."

"அது தினமும் இருக்கு சார். இது நெஜமா வருது."

"அப்ப மத்த நாளெல்லாம் பொய்யா போட்டோமான்னு கேப்பாங்க. அந்தக் கேள்வி நமக்குத் தேவையா?"

அவளுக்கு அந்த மேஜையைப் புரட்டிப் போடலாம் போல வந்தது. என்ன ஜென்மம் இது. நாற்காலி போகாமல் இருந்தால் போதும், ஊர் எக்கேடு கெட்டாலும் சரி. வெளியே வந்து, தாழ்வாரத்துக் குழாயடியில் நின்று தம்பிக்குப் போன் போட்டாள்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவன் எடுக்கிற சமயம் பார்த்து வாய்ப்பு சார் டம்ளரைக் கழுவ அங்கேயே வந்து நின்றார். குழாயைத் திறந்தார். கண் மட்டும் இவள் மேல் இருந்தது.

"சொல்லுக்கா," என்றான் தம்பி. பின்னால் தகடு உரசுகிற சத்தம் கேட்டது.

இறங்குடா என்றுதான் அவள் வாய் திறந்தது. வந்தது வேறு. "வந்து... உங்க பக்கம் இடி மின்னலுடன் கூடிய மழைக்கு வாய்ப்பிருக்கு. பார்த்துக்க."

அவன் சிரித்துவிட்டான். "ஏன்க்கா, காலையிலதானே வாசிச்சே. மத்தியான ஷோவும் உண்டா? ரெண்டு தகடுதான் பாக்கி, மாட்டிட்டுக் கூப்புடுறேன்." வைத்துவிட்டான்.

வாய்ப்பு சார் டம்ளரை உதறிக்கொண்டு உள்ளே போனார். அவர் தலை மறைந்ததும் அவள் மறுபடி போட்டாள், மறுபடியும் போட்டாள். அவன் எடுக்கவில்லை. இரண்டு கையிலும் தகடு இருந்தால் எப்படி எடுப்பான்.

மழை வருவதற்கு முன்னால் காற்று வந்தது. முடுக்காத தகட்டையும் அதைப் பிடித்திருந்தவனையும் சேர்த்துத் தூக்கிக் கீழே போட்டது. இடுப்பெலும்பு நொறுங்கியது. கூட வேலை செய்தவர்கள் கொட்டுகிற மழையில் அவனை ஒரு தகட்டில் கிடத்தித் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

செய்தி கேட்டு அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது வாய்ப்பு சார் போனில் யாருக்கோ பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தார். "எங்க காலை அறிக்கையிலேயே தெளிவா சொல்லியிருந்தோம் சார்," என்றார். முகமெல்லாம் பூரிப்பு. அவரைத் தாண்டிப் போகையில் அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. அவரை நினைத்தா தன்னை நினைத்தா என்று பிரித்துப் பார்க்க அவளுக்குத் தெம்பு இல்லை.

ஆஸ்பத்திரி தாழ்வாரத்தில் தம்பியின் மனைவி சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். இவளைப் பார்த்ததும் எழுந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "போன் பண்ணிச் சொன்னீங்களாமே அண்ணி. நீங்க அவ்வளவு சொல்லியும் கேக்கலியே இந்த மனுஷன். இனிமே கூரை ஏறவே முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். உங்க பேச்சைக் கேட்டிருந்தா இப்படி ஆகுமா?"

பக்கத்தில் நின்ற தம்பியின் மாமனாரும் தலையாட்டினார். "அதான் தினமும் ரேடியோவுல சொல்றாங்களே. கேக்காதவனை என்ன செய்ய?"

வாய்ப்பு சார் கணக்கு எவ்வளவு சரியாகப் பலித்திருக்கிறது. யாரும் அக்காவை ஒரு கேள்வி கேட்க முடியாது. கையை விடுவித்துக்கொண்டு உள்ளே போனாள்.

தம்பி விழித்துத்தான் இருந்தான். மருந்தின் மயக்கத்தில் பேச்சு மெதுவாக வந்தது.

"அக்கா, நீ போன் பண்ணப்போ, இவ்வளவு பெருசா வருதுன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்படி?"

"ராடார்ல பார்த்தேன். சிவப்பா இருந்துச்சு. உன் பக்கம்தான் வந்துச்சு."

அவன் பார்வையை மேலே சுற்றுகிற மின்விசிறிக்குத் திருப்பினான். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"பயமா இருக்குடா, இறங்குடான்னு சொல்லிருந்தா இறங்கியிருப்பேனேக்கா," என்றான்.