உள்பக்கம் துளை இல்லாத கதவு

எங்கள் வாட்ஸ்அப் வாசகர் குழுவில் அவருக்குப் பெயர் சாவிக்காரர். பேருந்து நிலையத்துக்குப் பின்னால், திரும்பினால் தோள் இடிக்கிற அளவு சின்னக் கடையில் இருபத்தாறு வருடமாகப் பூட்டு ரிப்பேர், மாற்றுச் சாவி. பூட்டுகளுக்கு நடுவே நான்கு தடித்த நாவல்கள் இருக்கும். எல்லாம் ஒரே எழுத்தாளர். முற்றுகை, கொள்ளைநோய், அரண்மனைத் துரோகம் என்று நிஜ வரலாறு போலவே மிரட்டும் இருண்ட மாயக்கதை. பத்துப் பக்கத்துக்கு ஒருவர் சாவார். சாவிக்காரருக்கு அதுதான் உயிர்.

மூன்றாம் பாகத்துக்கு அவர் எழுதிய கருத்தில்தான் சண்டை வெடித்தது. சிறையில் இருந்த இளவரசி, ரொட்டிக்குள் ஒளித்து வந்த சாவியால் தானே திறந்து தப்பியதாக விசாரணையில் சொல்வாள். நாங்கள் எல்லோரும் கைதட்டிய இடம் அது. இவர் எழுதினார்: "பொய் சொல்றா. அந்தக் கதவுக்கு உள்பக்கம் சாவித் துளையே இல்லைன்னு ரெண்டாம் பாகத்துல இருக்கு. வெளியிலேர்ந்து திறந்துவிட்டது அந்தத் தலைவெட்டிதான். சாவிக்கொத்து அவன் இடுப்புல மட்டும்தான் தொங்குது."

தலைவெட்டியா! இளவரசியின் அப்பாவையே வெட்டினவன்! குழுவை நடத்தும் பல் டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"எழுத்தாளர் மறந்துட்டார், அவ்வளவுதான். கதையில பொணமே எழுந்து நடக்குது, உங்களுக்குப் பூட்டுதான் பிரச்சனையா?"

"பொணம் நடக்கறத நான் பார்த்ததில்ல டாக்டர், அதனால நம்பறேன். பூட்டைத் தினமும் பார்க்கறேனே!"

சூட்டோடு சூடாக இன்னொன்றும் தட்டிவிட்டார். "வரப்போற அஞ்சாம் பாகத்துல நான் சொன்னது தப்புன்னா, குழுவை விட்டே போயிடறேன்."

எனக்குப் பகீரென்றது. கடைக்கு ஓடினேன்.

"ஏன் சார் இப்படி எழுதினீங்க?"

"எழுதினப்புறம்தான்பா எனக்கே உறைச்சுது. நாள் முழுக்கப் பூட்டோட பேசறேன். மனுஷங்களோட பேசறது அங்க மட்டும்தான்."

"அப்ப நான் யாரு? பூட்டா?" என்றார் பின்னால் சாவிகளைப் பிரித்துக்கொண்டிருந்த அவர் மனைவி. எனக்கு அவர் அக்கா.

ஐந்தாம் பாகம் வந்ததும் பிரிக்காமல் கடைக்குக் கொண்டுபோனேன். அவர் கை முழுக்கப் பித்தளைத் தூள். அக்காதான் புத்தகத்தைப் பிடுங்கினார். "குடு, நான் படிக்கறேன். இந்த மனுஷன் கண்ணாடி தேடறதுக்குள்ள கதையே முடிஞ்சிடும்." இதுநாள்வரை 'பொணக்கதை' என்று தொடாதவர்! மதியந்தோறும் சத்தமாகப் படித்தார். நான் வீட்டில் ஒரு பக்கம்கூட முன்னால் புரட்டவில்லை, சத்தியமாக.

மூன்றாம் நாள். தலைவெட்டி சாகக் கிடக்கிறான். ராணியாகிவிட்ட இளவரசி அவன் பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறாள்: "அன்று கதவைத் திறந்தது நீ என்று இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் உன்னைக் கொன்றிருப்பார்கள்."

சாவி வெட்டும் இயந்திரம் கிறீச்சென்று அலறியது. மாற்றுச் சாவிக்குக் காத்திருந்த ஒரு அம்மா அதைத் தூக்கிப் பார்த்தார். "என்னங்க இது, ரம்பம் மாதிரி இருக்கு?"

சாவிக்காரர் தூள் படிந்த கையாலேயே கண்ணைத் துடைத்து, அது எரிந்து, இன்னும் அழுதார். "பாவிப்பய, வாயையே திறக்கலையே," என்று அக்காவும் மூக்கை உறிஞ்சினார். நான் மட்டும் என்ன? அவர் சொன்னது பலித்த சந்தோஷத்தில் துள்ளிக் குதித்ததில் தோள் இடித்து ஒரு வரிசைப் பூட்டு கீழே விழுந்தது.

அந்த அம்மாவுக்கு வேறு சாவி வெட்டிக் கொடுத்தார். ரம்பச் சாவி இப்போது ஐந்தாம் பாகத்துக்குள் பக்க அடையாளமாக இருக்கிறது.

அன்று சாயங்காலம் நான் விஷயத்தைக் குழுவில் போட்டதும் பல் டாக்டர் எழுதினார்: "சாவிக்காரரே, வாயைத் திறங்க. இந்தத் தடவை சர்க்கரை போடறேன்."

சாவிக்காரரின் கருத்து அடுத்து வந்தது: "அஞ்சுக்கு நாலரை நட்சத்திரம். அவ்வளவு பழைய பூட்டு சத்தமே இல்லாம திறந்துச்சாம். எண்ணெய் போட்டது யாரு? அதைச் சொன்னாத்தான் மீதி அரை."

அதற்குக் கீழே, குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒரு எண்ணிலிருந்து பதில்: "அரண்மனைச் சமையல்காரிதான். எண்ணெய் வேற யார்கிட்ட இருக்கும்? தப்புன்னா நான் குழுவை விட்டுப் போயிடறேன். இப்படிக்கு, பூட்டு."