களவுக் கணக்கு

திருகோணமலைத் துறைமுகத்தடியில் பேஸ்போல் தெரிந்த ஒரே ஆட்டோக்காரன் நான். பொய், பந்து உருண்டை என்பது மட்டும் தெரியும்.

பேஸ்போல் புள்ளிவிபர ஆய்வுக்காக, அதை விளையாடிய துறைமுகத் தொழிலாளர்களைப் பேட்டி காண கம்பஸ் மாணவி ஒருத்தி என் ஆட்டோவில் வந்தாள். அந்த ஆட்டத்தில் ஆட்டக்காரன் அடுத்த 'பேஸ்' தளத்துக்கு நைசாக ஓடுவதற்குக் 'களவு' என்று பெயராம். நான் வீட்டுக்கு வீடு அவளுக்கு முன்பே போய், "அண்ணை, உங்கட களவைக் கணக்கெடுக்க ஆள் வந்திருக்கு!" என்று பகிடிவிட்டேன். எல்லோரும் கதவைச் சாத்தினார்கள்.

மூன்றாம் நாள் அவள் கொப்பியை மூடினாள். "ஏலாது அண்ணா. எனக்குக் கதைக்கத் தெரியேல்ல போல. ஆய்வை விடப்போறன்."

அவளுக்குத் தெரியாமல் வீடு வீடாகப் போய், அது ஆட்டக் களவுதான் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "விசரா, துறைமுகத்தில களவு எண்டா எங்கட வேலை போயிடுமடா," என்று ஏசிய ஒருவர், பிறகு கதிரையை இழுத்துப் போட்டார். "பிள்ளையைக் கூட்டிவா."

இப்போது அவள் கொப்பி நிரம்புகிறது. உண்மையை அவளிடம் நான் இன்னும்... அவள்தான் கூப்பிடுகிறாள்:

"அண்ணா, வாங்கோ! நீங்கள் சொன்னாத்தான் சனம் கதைக்குது."